கிளாஸ் மூன்று மில்லிமீட்டர் நகர்ந்தது

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதமும் அதோடு அனுப்பிய நாற்பது நொடி வீடியோவும் கிடைத்து இரண்டு வாரமாகிறது. உடனே எழுதாததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று கல்யாண வீடியோக்கள் வரிசையில் நிற்கின்றன. ஒரு வீட்டார், “முதல் பிள்ளை பிறக்கிறதுக்குள்ள வந்துடுமா?” என்றே கேட்டுவிட்டார்கள். நேற்று மத்தியானம் பத்து பாகாட்டில் மழை பிடித்துக்கொண்டதால் வெளிப்புற ஷூட்டிங் ஒன்று தள்ளிப்போனது. அந்தப் புண்ணியத்தில் இந்தக் கடிதம்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. “அண்ணே, ரெண்டு பேருக்கும் நடுவுல கோடு தெரியுது. ஃபெதர் எவ்வளவு வைக்கணும்?” இருபது என்றோ நாற்பது என்றோ ஓர் எண்ணைச் சொல்லி முடித்திருக்கலாம். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டு, அவர்களுக்கு எண்ணைத்தான் சொல்லி அனுப்பினேன். ஒருவருடைய கோடும் மறைந்ததாகத் தெரியவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படியே எழுதிவிடுகிறேன்.

உங்கள் வீடியோவைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. ஒரு தாமான் குடியிருப்பு வீட்டுச் சமையலறை. சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கும் அண்ணன் இடப்பக்கம். வீட்டைவிட்டு நகராத தம்பி வலப்பக்கம். இரட்டைப் பிள்ளைகள். இருவராகவும் நடித்திருப்பது உங்கள் சித்தப்பா மகன் ஒருவரே. அண்ணன் தன் தேத்தண்ணி கிளாஸை மேசைமேல் தள்ளுகிறான், தம்பி எடுத்துக் குடிக்கிறான், சுவரில் தொங்கும் அப்பா படம் சரிந்து ஆடுகிறது. நல்ல காட்சி. பேச்சே இல்லாமல் கதை தெரிகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு குறைதான் வரப்போகிறது.

மூன்று தடவை பார்த்தேன். முதல் தடவை எனக்குக் கோடு தெரியவே இல்லை. அண்ணன் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் தம்பிக்குப் பின்னால் இருக்கும் ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் தெரிந்தது. இரண்டாம் தடவை, கிளாஸ் நடுமேசையில் நிற்கும் இடத்தில் பொசுக்கென்று ஒரு மூன்று மில்லிமீட்டர் துள்ளுவது தெரிந்தது. மூன்றாம் தடவைதான் கோட்டைத் தேடினேன், கிடைத்தது. தேடினால்தான் கிடைக்கும் கோடு அது. நீங்கள் எடுத்தவர், எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர், அதனால் உங்கள் கண் நேராக அங்கேதான் போகும். பார்க்கிறவன் முகத்தைப் பார்ப்பான், பார்வை போகும் திசையைப் பார்ப்பான், நகரும் பொருளைப் பார்ப்பான். வெற்றுச் சுவரைப் பார்ப்பதற்கு அவனுக்கு என்ன தலையெழுத்து?

இரண்டு டேக்குகளை ஒரே ஃபிரேமில் சேர்க்க நாம் போடும் மாஸ்க், கோல அச்சு மாதிரிதான். அச்சில் ஓட்டை இருக்கும் இடத்தில் மாவு விழும், தகடு இருக்கும் இடத்தில் விழாது. வீடியோ மாஸ்க்கில் வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும், இடையிலுள்ள சாம்பல் பாதி காட்டும். ஃபெதர் என்பது அந்தச் சாம்பல் பட்டையின் அகலம். அவ்வளவே. அதை அகலமாக்கினால் இரண்டு டேக்குகளும் நிறைய இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று கலக்கும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் கலப்பது தெரியாது. வேறு வேறாக இருந்தால் மெல்லிய கோடு இருந்த இடத்தில் அகலமான கறை தெரியும். உங்கள் வீடியோவில் இரண்டு டேக்குகளும் வேறு வேறு. அதற்கு எந்த எண்ணும் மருந்தில்லை.

கொஞ்சம் பழங்கதை. பாரிஸில் மேடை மாயாஜாலம் செய்துகொண்டிருந்த ஜார்ஜ் மெலியே 1898-இல் தன் தலையைத் தானே கழற்றி மேசைமேல் வைக்கும் படம் ஒன்றை எடுத்தார். பின்னணி முழுக்கக் கறுப்பு. கறுப்பான இடத்தில் பிலிமில் எதுவும் பதியாது. பிலிமைத் திருப்பிச் சுற்றி மறுபடி ஓட்டினால் அந்தக் காலியிடத்தில் வேறொன்றைப் பதியலாம். 1900-இல் இதே வித்தையில் ஏழு மெலியேக்கள் வரிசையாக உட்கார்ந்து கச்சேரி செய்தார்கள்.

எனக்குப் பிடித்தது அடுத்த வருடம், 1901-இல் வந்தது. ஒரு விஞ்ஞானி தன் தலையையே மேசையில் வைத்துத் துருத்தியால் காற்றடிக்கிறார். தலை பலூனாக ஊதிப் பெருக்கிறது. உதவியாளன் கையில் துருத்தி போனதும் அடியடியென்று அடித்து வெடிக்கவைத்துவிடுகிறான். தலையை எப்படிப் பெரிதாக்கினார்? கேமராவை நகர்த்த முடியாது, நகர்த்தினால் மேசை இருக்கும் டேக்கோடு பொருந்தாது. அதனால் மெலியே நகரும் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, சரிவுப் பலகைமேல் கப்பி வைத்துக் கேமராவை நோக்கி இழுக்கப்பட்டார். கிட்டே வரவர முகம் பெரிதாகும். சமதளத்தில் வந்தால் முகம் பெருக்கும்போது கழுத்து மேசையைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். அதற்குத்தான் சரிவு. ஆள் முன்னால் வர வர மேலேயும் ஏறுகிறார், கழுத்து மட்டும் மேசைமேல் வைத்த இடத்திலேயே இருக்கிறது. இன்று ஸ்கேல் என்ற பெட்டியில் நூறு, முன்னூறு என்று நாம் தட்டுவதை அந்த மனிதர் பலகையும் கப்பியும் வைத்துச் செய்தார். மாஸ்க்கும் அசைவும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை என்பதை அந்தப் படத்தைவிடச் சுருக்கமாகக் காட்ட யாராலும் முடியாது என்பது என் எண்ணம்.

நம் பக்கத்துக்கு வாருங்கள். தாதாசாகிப் பால்கே 1917-இல் எடுத்த லங்கா தகனத்தில் ராமன், சீதை இரண்டும் அண்ணா சாலுங்கே என்ற ஒரே நடிகர். தமிழில் 1940-இல் மாடர்ன் தியேட்டர்ஸின் உத்தம புத்திரனில் பி. யு. சின்னப்பாவுக்கு இரட்டை வேடம், 1949-இல் ஜெமினியின் அபூர்வ சகோதரர்களில் எம். கே. ராதாவுக்கு. நம் வீடுகளில் பெரியவர்கள் “டபுள் ஆக்ட்” என்பார்கள். ஒளிப்பதிவுக்காரர்களுக்கு அது மாஸ்க் ஷாட். லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டை வைத்துப் பாதியை மறைத்து ஒரு முறை எடுப்பார்கள். எத்தனை அடி ஓடியது என்று குறித்துக்கொண்டு பிலிமைத் திருப்பிச் சுற்றுவார்கள். நடிகர் உடை மாற்றி வருவார். அட்டையை மறுபாதிக்கு மாற்றி இன்னொரு முறை. இடையில் யாராவது டிரைபாட்டில் கால் இடறினால் முதல் டேக்கும் சேர்த்துப் போச்சு. கோடு தெரிகிறதா என்பது லேபிலிருந்து பிலிம் கழுவி வந்த பிறகுதான் தெரியும். உங்களுக்கு அடுத்த நிமிடமே தெரிகிறது, அதனால்தானோ என்னவோ நமக்கு எடுக்கும்போது பயம் இல்லை.

பயம் இருந்ததால் அவர்கள் சில காரியங்களை ஒழுங்காகச் செய்தார்கள். கேமரா அசையாது. இருவருக்கும் நடுவே ஒரு தூணோ கதவுச் சட்டமோ திரைச்சீலை மடிப்போ வரும்படி இடம் பிடிப்பார்கள், ஏற்கெனவே ஒரு கோடு இருக்கும் இடத்தில் இன்னொரு கோடு விழுந்தால் யாருக்குத் தெரியும்? நடிகர் எங்கே பார்க்கவேண்டும் என்பதற்கு ஆளை நிறுத்தியோ குச்சியை நட்டோ குறி வைப்பார்கள். தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்கும் ஷாட்டுகளில் டூப்பின் முதுகு. 1990 தீபாவளிக்கு வந்த மைக்கேல் மதன காமராஜனைத் திரும்பப் பாருங்கள். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், பி. சி. கௌரிசங்கர் ஒளிப்பதிவு. கம்ப்யூட்டர் வந்து கைகொடுக்காத காலம். மலை விளிம்பில் ஆடும் மரவீட்டில் நான்கு கமலும் அல்லாடும் கடைசிக் காட்சியில் நான் கோடு தேட உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுகிறேன். தேட விடமாட்டேன் என்கிறார்கள்.

அந்தக் குச்சிதான் உங்கள் வீடியோவில் இல்லாதது. தம்பியின் தலை வரும் உயரத்தில், நாற்காலி முதுகில் ஒரு துடைப்பக்கட்டையைக் கட்டி அதில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தால் அண்ணன் ஃபிரிட்ஜைப் பார்த்திருக்க மாட்டான். எடிட்டிங்கில் கண்ணைத் திருப்ப வழி தேடாதீர்கள். துடைப்பக்கட்டை போதும்.

இப்போது இரண்டு டேக்குகள் ஏன் வேறு வேறாக ஆயின என்பதைப் பார்ப்போம். போனில் எடுத்திருக்கிறீர்கள், தப்பில்லை. ஆனால் எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் போனிடமே விட்டிருக்கிறீர்கள். அண்ணன் வெள்ளைச் சட்டை, தம்பி கறுப்பு டி-சட்டை. வெள்ளையைப் பார்த்ததும் போன் வெளிச்சத்தைக் குறைத்தது, கறுப்பைப் பார்த்ததும் கூட்டியது. சுவரின் நிறம் இடப்பக்கம் லேசாகச் சாம்பல், வலப்பக்கம் லேசாக மஞ்சள். எல்லாவற்றையும் பூட்டிவிட்டு எடுங்கள், ஃபோகஸ் உட்பட. நடுக்கம் குறைக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். டிரைபாட்டில் நிற்கும் கேமராவில்கூட அது ஃபிரேமைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டிருக்கும்.

குழல் விளக்கு இன்னொரு தொல்லை. இந்த நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு தடவை மினுங்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் அடங்கும். போன் தானாக 1/60 என்று எடுத்துக்கொண்டால் வெளிச்சம் அலையடிக்கும். ஒரு டேக்காக இருந்தால் கண்ணுக்குப் படாது. இரண்டு டேக்கை ஒட்டினால் இடப்பக்கம் அலை ஏறும்போது வலப்பக்கம் இறங்கும், நடுவில் உங்கள் கோடு பல்லிளிக்கும். போதாததற்கு சீலிங் ஃபேன். அதன் இறக்கை நிழல் மேசைமேல் சுற்றுகிறது, கோட்டைத் தொட்டதும் பாதியில் வெட்டுப்படுகிறது. புழுக்கமாகத்தான் இருக்கும், பத்து நிமிடம் ஃபேனை நிறுத்துங்கள்.

நேரம் பகல் மூன்று மணி என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர் மூன்று மணி வானத்தை நம்பி இரண்டு டேக் எடுக்க முடியுமா? உங்கள் சித்தப்பா மகன் சட்டை மாற்றி வருவதற்குள் ஜன்னலுக்கு வெளியே மேகம் மாறியிருக்கும். காலை ஒன்பது மணிக்கு எடுங்கள், இல்லையென்றால் ஜன்னலைப் போர்வையால் அடைத்துவிட்டு விளக்கில் எடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு மாஸ்க் போட உட்காருங்கள். மேலிருந்து கீழே நேர்கோடாக ஒரே வெட்டு வெட்டவேண்டியதில்லை. வளைந்து போகலாம். உங்கள் சமையலறையில் அலமாரிக் கதவின் ஓரம் பாதி உயரம்வரை வருகிறது, மாஸ்க் அதன்மேலேயே இறங்கட்டும், அங்கே ஃபெதர் ஒன்றோ இரண்டோ புள்ளி போதும். அதற்குக் கீழே வெற்றுச் சுவரில் ஐம்பதுகூட வையுங்கள். தம்பியின் நிழல் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது பாருங்கள், மாஸ்க் அந்த நிழலைச் சுற்றி வளையவேண்டும். ஆளை மட்டும் வெட்டி நிழலை விட்டுவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது.

கிளாஸ் கைமாறும் இடத்துக்கு வருகிறேன். காட்சியின் உயிரே அதுதான், அதைச் செய்யத் துணிந்ததற்காகவே உங்களுக்கு இந்த நீளக் கடிதம். ஒரு பொருள் கோட்டைத் தாண்டும்போது கோடும் கூடவே போகவேண்டும். அண்ணன் கிளாஸைத் தள்ளும்போது அவன் கையும் கிளாஸும் வலப்பாதிக்குள் நுழைகின்றன. மாஸ்க் ஒரு நாக்கு மாதிரி நீண்டு அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு கூட வரவேண்டும். அண்ணன் கையை எடுத்த பிறகு கிளாஸ் தனியாக நிற்கும் அரை நொடி இருக்கிறதல்லவா, அப்போது நாக்கு பின்வாங்கும், கிளாஸ் இந்த டேக்கிலிருந்து அந்த டேக்குக்கு மாறும். பிறகு தம்பியின் கை வந்து எடுக்கும் கிளாஸ் இரண்டாவது டேக்கின் கிளாஸ். மாறும் அந்தக் கணத்தில் இரண்டு டேக்கிலும் கிளாஸ் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். உங்களுடையது மூன்று மில்லிமீட்டர் பிசகியது.

குறி வைக்கலாம், டேப் ஒட்டினால் படத்தில் தெரியும். நான் செய்வது இது. கிளாஸின் அடி கொஞ்சம் ஈரமாக இருக்கட்டும். முதல் டேக்கில் அண்ணன் தள்ளி நிறுத்திய இடத்தில் மேசைமேல் ஒரு வட்டத் தடம் விழும். டேக் முடிந்ததும் கிளாஸை யாரும் தொடவேண்டாம். தொடவேண்டி வந்தால் அந்த ஈர வட்டத்துக்குள்ளேயே திரும்ப வையுங்கள். தேத்தண்ணிக் கடை மேசைகளில் தினமும் பார்க்கிற வட்டம்தான். அதைவிடத் துல்லியமான குறியை நான் இதுவரை விலைகொடுத்து வாங்கியதில்லை.

ஆள் ஆளைக் கடந்து போகிற காட்சி வேண்டும் என்றால் நாக்கு போதாது, உருவத்தையே ஃபிரேம் ஃபிரேமாக வெட்டவேண்டும். ரோட்டோ வேலை. மாக்ஸ் பிளைஷர் என்பவர் 1915-இல் கார்ட்டூன் வரைவதற்காக இப்படி ஒரு கருவிக்குக் காப்புரிமை கேட்டார், 1917-இல் கிடைத்தது. கோமாளி வேடம் போட்டு ஆடிய தன் சொந்தத் தம்பியைப் படமெடுத்து, அதைக் கண்ணாடியில் ஒவ்வொரு ஃபிரேமாக விழச்செய்து கோடு வரைந்தார். அங்கேயும் அண்ணன் தம்பிதான். 2010-இல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ரோட்டோ பிரஷ் வந்தது, இப்போது போன் செயலியே ஒரு தட்டில் ஆளை வெட்டிக் கொடுக்கிறது. முடி பறக்கும் இடத்திலும் விரலிடுக்கிலும் அது தடுமாறும்போது கையால்தான் திருத்தவேண்டியிருக்கிறது. பத்து பாகாட் என்ற நம் ஊரின் மலாய்ப் பெயரிலேயே உளி இருக்கிறது. மின்யாக் பெக்கு கடலோரத்தில் சயாம் வீரர்கள் பாறையைக் குடைந்து தோண்டியதாகச் சொல்லும் கிணற்றை ஒருநாள் போய்ப் பாருங்கள். ரோட்டோ செய்யும் ராத்திரிகளில் எனக்கு அவர்கள் ஞாபகம் வரும்.

கைவேலைக்கு ஒரு வழி மட்டும் சொல்கிறேன். ஆளை ஒரே வடிவமாகச் சுற்றி வளைக்காதீர்கள். தலை தனி, உடம்பு தனி, மேற்கை, முன்கை, உள்ளங்கை எல்லாம் தனித்தனி மாஸ்க், மூட்டுகளில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி. புள்ளிகள் குறைவாக. முதல் ஃபிரேமிலும் கடைசி ஃபிரேமிலும் பொருத்துங்கள், பிறகு கை திசை மாறுகிற ஃபிரேம்களில், பிறகு இரண்டுக்கும் பாதியில், அதற்கும் பாதியில். ஒவ்வொரு ஃபிரேமிலும் புள்ளியை நகர்த்தினால் விளிம்பு கொதிக்கிற மாதிரி நடுங்கும். வேகமாக வீசும் கை படத்தில் கலங்கித்தான் பதிவாகும், மாஸ்க்குக்கும் மோஷன் பிளர் கொடுக்காவிட்டால் கத்தரித்து ஒட்டியது போலிருக்கும்.

என் கதையையும் கேளுங்கள், நீங்கள் மட்டும் அடி வாங்கினால் நியாயமில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணம். தாலி கட்டும் ஷாட்டில் மணவறை ஓரம் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி. யாரோ மறந்து வைத்தது. அதை அழித்துத் தருகிறேன் என்று நானே வாய்விட்டேன். வாளிமேல் மாஸ்க் போட்டு, தரையின் இன்னோர் இடத்திலிருந்து கம்பளத் துண்டை எடுத்து மூடி, கேமரா மெல்ல நகர்ந்ததால் டிராக்கிங்கோடு கட்டினேன். அழகாக ஒட்டிக்கொண்டது. முதல் நாலு நொடி பார்த்துவிட்டு எக்ஸ்போர்ட் போட்டுவிட்டேன். விருந்தன்று பெரிய எல்இடி திரையில் ஓடியது. பெண்ணின் பாட்டி அட்சதை போட வாளிக்கு முன்னால் நடந்து வருகிறார், முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை, கம்பளம் மட்டும் தெரிகிறது. அரை நொடிதான். ஒரு பொடியன் எழுந்து நின்று “பாட்டிக்குக் கால் இல்ல!” என்று கத்தினான். நம் கதைகளில் பேய்க்குத்தானே கால் கிடையாது. மண்டபமே சிரித்தது. பாட்டி முன்வரிசையிலிருந்து திரும்பி, “நான் இன்னும் போகலடா” என்றார். அன்றிலிருந்து மாஸ்க் போட்ட எதையும் கடைசி ஃபிரேம்வரை, பாதி வேகத்தில், ஒரு தடவை பார்க்காமல் நான் வெளியே விடுவதில்லை.

அந்தக் கல்யாணத்தில் இன்னொரு பாடமும் படித்தேன். பச்சைத் திரைக்கு முன்னால் மாப்பிள்ளை பெண்ணை நிறுத்தினோம். பெண் கட்டியிருந்தது கிளிப்பச்சைப் பட்டு. நம் கல்யாணத்தில் வாழை, மாவிலைத் தோரணம், வெற்றிலை என்று எங்கே திரும்பினாலும் பச்சை. எல்லாம் ஓட்டை விழுந்தது. இப்போது நீலத்துணிதான் வைத்திருக்கிறேன். வைப்பதற்கு முன் புடவை நிறத்தை போன் பண்ணிக் கேட்டுவிடுகிறேன்.

கேமராவே நகரவேண்டும், இருவரும் ஒருவரே நடிக்கவேண்டும் என்றால்? அதற்குத்தான் மோஷன் கண்ட்ரோல் இருக்கிறது. கேமரா போன பாதையை இயந்திரம் நினைவில் வைத்துக்கொண்டு எத்தனை தடவை கேட்டாலும் அதே வேகத்தில் அதே வழியில் போய்வரும். 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸுக்காக ஜான் டைக்ஸ்ட்ராவின் குழு இப்படி ஒன்றைக் கட்டித்தான் பொம்மைக் கப்பல்களைத் தனித்தனியாக எடுத்து ஒரே வானத்தில் பறக்கவிட்டது. தமிழில் 2001-இல் ஆளவந்தான் மோஷன் கண்ட்ரோலோடு வந்தது. சுரேஷ் கிருஷ்ணா இயக்கம், திரு ஒளிப்பதிவு, மொட்டைத்தலை நந்துவும் ராணுவக்கார விஜய்யும் ஒரே கமல். ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்குத் தேசிய விருது வாங்கியது. படம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, ஆனால் இரட்டையருக்கு நடுவே கேமரா பூட்டிய கட்டிலிருந்து அவிழ்ந்து நடப்பதைப் பார்த்தபோது வயிற்றில் ஏதோ புரண்டது உண்மை. இன்று நம் ஜொகூரிலேயே, இஸ்கந்தர் புத்ரியில், நெட்ஃபிளிக்ஸின் மார்கோ போலோ எடுத்த ஸ்டுடியோ இருக்கிறது, இங்கிருந்து காரில் போய்விடலாம். உள்ளே விடுவார்களா என்பது வேறு.

நமக்கு ஏழை வழி ஒன்று உண்டு. கேமராவை அசைக்காமல் 4கே-யில் எடுங்கள், 3840-க்கு 2160. மாஸ்க் வேலையெல்லாம் அதிலேயே முடியுங்கள். முடிந்த படத்தை ஒன்றாகக் கட்டி 1920-க்கு 1080 டைம்லைனில் போட்டால் ஃபிரேமைவிட நாலு மடங்கு இடம் உங்களிடம் இருக்கிறது, அதற்குள் மெல்ல நகர்த்தலாம். இரண்டு பாதியும் சேர்ந்தே நகர்வதால் கோடு பிசகாது. அண்ணனிடமிருந்து தம்பிக்குக் கிளாஸோடு கேமராவும் போவது போலத் தெரியும். அளவோடு செய்யுங்கள். உண்மையான கேமரா நகரும்போது கிட்டே உள்ளது வேகமாகவும் தூரத்தில் உள்ளது மெதுவாகவும் நகரும், இதில் எல்லாம் ஒரே தட்டாக நகரும். கொஞ்சமாக நகர்த்தினால் கண் மன்னிக்கும். கை நடுக்கம் வேண்டுமா, நடுக்கம் என்ற ரெடிமேட் எஃபெக்டைப் போடாதீர்கள், அது எல்லாருடைய கையும் ஒரே கை என்பது மாதிரி நடுங்கும். போனைக் கையில் பிடித்துச் சுவரை ஒரு நிமிடம் எடுங்கள், அதை டிராக் செய்து அந்த அசைவை இங்கே கட்டுங்கள். உங்கள் மூச்சே படத்தில் வந்துவிடும்.

கடைசியாக அப்பா படம். சுவரில் உள்ள போட்டோவை மாஸ்க்கால் தனியே எடுத்து ரொட்டேஷன் கொடுத்திருக்கிறீர்கள். போட்டோ ஆணியில் தொங்குகிறது, நீங்கள் அதன் வயிற்றில் குத்திச் சுற்றியிருக்கிறீர்கள். ஆங்கர் பாயிண்ட் என்று ஒன்று இருக்கும், எப்போதும் நடுவில் உட்கார்ந்திருக்கும், அதைப் பிடித்து ஆணி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். இனி ஆட்டினால் அடிப்பக்கம் அதிகமாகவும் மேல்பக்கம் கொஞ்சமாகவும் நகரும், தொங்குகிற எதுவும் அப்படித்தான் நகரும். ஆட்டத்தையும் கவனியுங்கள். உங்களுடையது ஒரே வேகத்தில் போய் டக்கென்று திரும்புகிறது. ஊஞ்சல் உச்சியில் தயங்கும், நடுவில் விரைவாகப் போகும். அதனால் கீஃபிரேமை உச்சிகளில் மட்டும் வைத்து ஈஸ் கொடுங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் கோணம் குறையட்டும், எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறக்குறைய மாறாமல் இருக்கட்டும். நேரத்தையும் குறைத்தால் நடுங்குகிற மாதிரி ஆகிவிடும்.

போட்டோ நகர்ந்தால் பின்னால் சுவர் தெரியவேண்டும். நீங்கள் பக்கத்துச் சுவரிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். வருடக்கணக்காகத் தொங்கிய போட்டோவை எடுத்துவிட்டுப் பாருங்கள், அந்த இடம் மட்டும் மங்காமல் பழைய நிறத்தில் இருக்கும், ஓரத்தில் ஒட்டடை இருக்கும். படத்தைக் கழற்றிவிட்டு வெறும் சுவரைப் பத்து நொடி எடுங்கள். கிளீன் பிளேட். யாரும் இல்லாத சமையலறையையும் பத்து நொடி. எந்த எஃபெக்ட் வேலைக்கும் இதை எடுக்காமல் டிரைபாட்டை மடக்காதீர்கள். போட்டோ சரியும்போது அந்தப் பளிச்சென்ற நிறம் ஒரு மூலையில் எட்டிப் பார்த்தால் உங்கள் கதைக்கு வசனமே வேண்டாம். அதன் நிழலும் கூட ஆடவேண்டும், மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று எழுத விட்டுப்போயிற்று. திரும்ப எடுக்கும்போது கிளாஸில் தேத்தண்ணியை அளந்து ஊற்றுங்கள். முதல் டேக்கில் உங்கள் சித்தப்பா மகன் தள்ளுவதற்கு முன்னால் ஒரு வாய் குடித்துவிட்டார், இரண்டாவது டேக்குக்குப் புதிதாக ஊற்றியிருக்கிறீர்கள். அண்ணன் கையைவிட்டுத் தம்பி கைக்குப் போவதற்குள் தேத்தண்ணி ஒரு விரல் ஏறியிருக்கிறது. இதை எழுதிக்கொண்டே நாலாவது தடவை பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

புது வீடியோ வந்ததும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், நசுக்கிவிடும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்
பத்து பாகாட்